ஆப்பிள் பீப்பாய்க்குள் கேட்ட இன்சொல்



சென்ற வாரம் காய்ச்சலினால் மூன்று நாட்கள் வீட்டிலேயே படுத்திருக்க நேர்ந்தது. வேத விளக்கவுரைகளைத் தூக்கிப் பிடிக்கக் கையில் பலமில்லை. என் மகன் பள்ளி நாட்களில் வாசித்துவிட்டுப் போன கதைப் புத்தகங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்தன. அவற்றிலிருந்து ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ கையில் வந்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில் இதன் சுருக்கப் பதிப்பு எங்களுக்குத் துணைப்பாடமாக இருந்தது. ஒற்றைக்கால் மனிதன், அவன் தோளில் ஒரு கிளி, ஒரு வரைபடம் ஆகியவை மட்டுமே அன்று மனதில் நின்றன. ஐம்பது வயதைக் கடந்தபின் முழுநூலையும் வாசித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. இந்தக் கதையின் மாந்தர் ஒருவரோடொருவர் எத்தனை மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள்! அவர்களிலும் கொலைகாரரே மற்றெவரையும்விட நயமாகப் பேசுகிறார்கள்.

கடற்கொள்ளையர் கதையைப் பற்றி எழுதப் போதகனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மெதுவான பிரதியுத்தரத்தைப் பற்றிய நீதிமொழிகள் 15-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை நான் பிரசங்கித்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கணக்கில்லை. அதை இன்றும் நம்புகிறேன். ஆனால் இனிமையாகப் பேசுகிறவன் ஆவிக்குரியவன், கரடுமுரடாகப் பேசுகிறவன் மாம்சத்துக்குரியவன் என்று ஒரு குறுக்குக் கணக்கு நம்முடைய சபைகளில் நடமாடுகிறது. அந்தக் கணக்கை நானும் போட்டிருக்கிறேன். போட்டதனால் என் சபை பட்ட நஷ்டத்தையும் இந்த வாரம் எழுதியே ஆகவேண்டும்.

ஸ்டீவன்சனைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. எடின்பரோ நகரில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் குடும்பத்தில் பிறந்தவர். கண்டிப்பான கால்வினிய பக்தியுள்ள வீடு. நோயாளிக் குழந்தையாக அவர் படுத்திருந்த இரவுகளில் அவரை வளர்த்த தாதி வேதாகமக் கதைகளையும் ஸ்காட்லாந்து இரத்தசாட்சிகளின் கதைகளையும் சொல்லிக்கொண்டிருந்தாராம். வாலிபத்தில் தகப்பனாரின் விசுவாசத்தை விட்டு அவர் விலகியது அந்த வீட்டில் பெரிய துக்கமாயிருந்தது. ‘புதையல் தீவு’ 1881, 1882 ஆண்டுகளில் சிறுவர்களுக்கான ஒரு பத்திரிகையில் புனைபெயரில் தொடராக வந்து, 1883-இல் நூலாயிற்று. விசுவாசத்தை விட்டு விலகியவர்தான். ஆனாலும் மனித இருதயத்தின் திருக்கைப் பற்றி அந்தத் தாதியிடம் கேட்ட பாடத்தை அவர் மறந்ததாகத் தெரியவில்லை.

கதையின் தொடக்கத்திலேயே குருடன் பியூ வருகிறான். உறைபனி நாளொன்றில் கடலோர விடுதியின் வாசலில் தடியைத் தட்டிக்கொண்டே வந்து நின்று, தேசத்துக்காகப் போரிட்டுப் பார்வையிழந்த ஏழைக்குத் தான் எங்கே நிற்கிறான் என்று யாராவது தயவாகச் சொல்வார்களா என்று மென்மையாகக் கேட்கிறான். சிறுவன் ஜிம் இரக்கப்பட்டுக் கையை நீட்டுகிறான். அந்த நொடியிலேயே அது இரும்புப் பிடியில் அகப்படுகிறது. உள்ளே தேடுகிற ஆளிடம் அழைத்துப் போகாவிட்டால் கையை முறித்துவிடுவேன் என்று அதே வாய் சொல்கிறது. பியூவின் நயம் இரண்டு நிமிடத்துக்குமேல் நிற்பதில்லை. ஆகவே அவனால் வரும் ஆபத்து பெரியதல்ல. அவன் யாரென்று சீக்கிரத்தில் தெரிந்துவிடுகிறது.

லாங் ஜான் சில்வர் அப்படிப்பட்டவன் அல்லன். பிரிஸ்டல் துறைமுகத்தில் சொந்தமாக ஒரு மதுச்சாலை நடத்துகிறான். ஜன்னல்களில் சுத்தமான சிவப்புத் திரை. ஊன்றுகோலின் மேல் பறவைபோலத் துள்ளித் துள்ளி மேசைக்கு மேசை போய் ஒவ்வொருவரிடமும் ஒரு நல்ல வார்த்தை சொல்கிறான். ஒற்றைக்கால் மாலுமியைக் குறித்து ஜிம்முக்கு முன்னமே எச்சரிக்கை கிடைத்திருந்தது. கெட்ட சொப்பனங்களும் வந்திருந்தன. ஆயினும் இவனைப் பார்த்த மாத்திரத்தில், இவ்வளவு இனிமையான மனிதன் கொள்ளைக்காரனாயிருக்க முடியாது என்று முடிவு செய்கிறான். கப்பலில் சமையற்காரனாகச் சேர்ந்தபிறகும் அப்படியே. பாத்திரங்கள் பளபளக்கும் அடுக்களை; ஜிம் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அன்பான வரவேற்பு; உன்னைப்போல் புத்திசாலிப் பையனைக் கண்டதில்லை என்ற பாராட்டு. பெரியவர்களும் ஏமாந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பயணத்துக்குப் பணம் போட்ட ஊர்ப் பெரிய மனிதர் ட்ரெலானி, சில்வரின் பேச்சில் மயங்கி அவனை வேலைக்கு அமர்த்தியதோடு நிற்கவில்லை. அவன் கைகாட்டிய மாலுமிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டார்.

இனி அந்த ஆப்பிள் பீப்பாய். தீவு கண்ணில் படுவதற்குச் சற்று முன், இருட்டும் வேளையில், ஜிம் ஓர் ஆப்பிளுக்காகப் பீப்பாய்க்குள் இறங்கி, அலையின் தாலாட்டில் கண் அயரப் பார்க்கிறான். அப்போது சில்வர் வந்து பீப்பாயில் சாய்ந்து உட்காருகிறான். கலகத்துக்கு ஆள் சேர்க்கும் பேச்சு காதில் விழுகிறது. யாரைக் கொல்வது, எப்போது கொல்வது என்பதெல்லாம் பின்னால் வரும். ஜிம்மை முதலில் சுடுவது வேறொன்று. அவனை எந்த வார்த்தைகளால் சில்வர் பாராட்டினானோ, அட்சரம் பிசகாமல் அதே வார்த்தைகளால் இப்போது வேறொரு வாலிப மாலுமியைப் பாராட்டிக்கொண்டிருக்கிறான்! முடிந்திருந்தால் அப்போதே பீப்பாயைத் துளைத்து அவனைக் கொன்றிருப்பேன் என்கிறான் ஜிம்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். காய்ச்சல் ஒரு காரணம். அது மட்டும் காரணமல்ல.

சில ஆண்டுகளுக்குமுன் நான் ஊழியம் செய்த ஒரு சபையில் சமுதாயக் கூடம் கட்டத் தொடங்கினோம். ஒப்பந்தம் எடுத்தவர் மிகுந்த பண்புள்ளவராகத் தெரிந்தார். வேறு சபையைச் சேர்ந்தவராயிருந்தும் எங்கள் ஆராதனைக்குத் தவறாமல் வருவார். முடிந்ததும் என்னிடம் வந்து, அன்றைய பிரசங்கத்தின் இரண்டாம் பகுதி தம்மை நெடுநேரம் யோசிக்க வைத்தது என்பார். போதகர்கள் இந்த ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு ஏங்குகிறோம் என்பது உங்களுக்குத் தெரியாது. எங்கள் பொருளாளர் நேர் எதிரிடை. அரசுத் துறையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், எனக்கு மூத்தவர், ‘அண்ணாச்சி’ என்றுதான் அவரை அழைப்பேன். ஒருநாள் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, முன்னுரை ஏதுமில்லாமல், “கம்பிக் கணக்கு உதைக்குது. அளவுப் புத்தகத்துல இருக்கிற எடை தளத்துல இல்ல. அடுத்த முன்பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார். ஒப்பந்தக்காரரும் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வாடியதைக் கண்டு எனக்கு மனம் கசிந்தது. சபையார் கூடியிருக்கும் இடத்தில் பேசும் முறை இதுதானா என்று அண்ணாச்சியைக் கடிந்துகொண்டேன். ஒப்பந்தக்காரரோ, மூப்பர் ஐயா பேசியதில் தமக்கு வருத்தமில்லை, சபையின் பணத்தில் அவருக்குள்ள பாரத்தை மதிக்கிறேன் என்று தாழ்மையோடு சொன்னார். அதைக் கேட்டு இரண்டு பேர் கண் கலங்கினார்கள். முன்பணம் போயிற்று. கூரை மட்டத்தில் வேலை நின்றது. பிறகு அந்தக் கைபேசி எண்ணை யாரும் எடுக்கவில்லை.

ஏறக்குறைய ஓராண்டு கழித்துப் பக்கத்துச் சேகரத்துப் போதகர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது இந்தக் கதை வந்தது. அவர் சற்றுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, “உங்க பிரசங்கத்துலயும் ரெண்டாம் பகுதிதானா?” என்று கேட்டார்.

இறையியல் கல்லூரியில் கிரேக்கம் கற்பித்த ஆசிரியர் வகுப்பில் காட்டிய ஒரு காரியம் அன்று இரவு நினைவுக்கு வந்தது. கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனியாகப் பவுல் சொல்லும் ‘தயவு’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘க்ரேஸ்டோட்டேஸ்’ என்று பெயர். ரோமர் 16-ஆம் அதிகாரத்தில், கபடற்றவர்களை வஞ்சிக்கிறவர்களின் ஆயுதமாக அவர் சொல்லும் ‘நயவசனிப்பு’, ‘க்ரேஸ்டோலொகியா’. இரண்டும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். முன்னதில் தயவு ஒரு மனிதனின் தன்மையாக இருக்கிறது. பின்னதில் அது வாயோடு நின்றுவிடுகிறது. இந்தப் பின்னைய சொல் புதிய ஏற்பாட்டில் அந்த ஓரிடத்தில்தான் வருகிறது. தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான் நான்.

வேதாகமத்தில் சில்வருக்கு மூத்தவன் ஒருவன் இருக்கிறான். 2 சாமுவேல் 20-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். யோவாப் அமாசாவைச் சகோதரன் என்று அழைத்து, சுகந்தானா என்று விசாரித்து, முத்தமிட அவன் தாடியை வலதுகையால் பிடிக்கிறான். பட்டயம் மற்றக் கையில். ஸ்டீவன்சனின் தீவிலும் இதற்கு ஈடான காட்சி உண்டு. கலகத்தில் சேர மறுக்கும் டாம் என்ற மாலுமியிடம், உன்மேல் எனக்குள்ள மதிப்பினால்தான் உன்னை எச்சரிக்கிறேன் என்று பேசுகிறான் சில்வர். டாம் மறுத்துத் திரும்பி நடக்கும்போது ஊன்றுகோலை எறிந்து முதுகை முறிக்கிறான், பிறகு கத்தி. சதுப்புப் புதரில் ஒளிந்திருந்து இதைப் பார்க்கும் ஜிம்முக்கு உலகமே தலைசுற்றுகிறது. கெத்செமனே தோட்டத்து முத்தத்தை நான் இங்கே விளக்கவேண்டியதில்லை.

இப்போது அதே கப்பலின் கேப்டன் ஸ்மோலட்டைப் பாருங்கள். கப்பல் புறப்படுவதற்குமுன் அறைக்குள் வந்து மூன்று காரியங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறார்: இந்தப் பயணம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆட்களைப் பிடிக்கவில்லை, என் துணை அதிகாரியையும் பிடிக்கவில்லை. ட்ரெலானி கொதித்துப்போகிறார், இந்த மனிதரைச் சகிக்கவே முடியவில்லை என்கிறார். ஜிம்முக்கும் கேப்டன்மேல் வெறுப்பு வருகிறது. வாசகர்களாகிய நமக்கும் முதல் வாசிப்பில் அவரைப் பிடிப்பதில்லை. ஆனால் அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. வெடிமருந்தையும் ஆயுதங்களையும் இடம் மாற்றி வைக்கச் சொன்ன அவருடைய சிடுசிடுப்பினால்தான் நல்லவர்கள் தப்பிப் பிழைக்கிறார்கள்.

பீப்பாய்ச் செய்தி வெளியானபின் ட்ரெலானி செய்கிற ஒரு காரியத்துக்காக நான் அவரை மதிக்கிறேன். நீர் சொன்னதே சரி, நான்தான் கழுதை, இனி உம்முடைய கட்டளைப்படி நடப்பேன் என்று எல்லாருக்கும் முன்பாகக் கேப்டனிடம் சொல்கிறார். கேப்டனும் அவரைக் குத்திக் காட்டவில்லை. நானும் ஏமாந்தேன், கலகத்துக்கு முன் ஓர் அடையாளமாவது காட்டாத மாலுமிகளை நான் கண்டதில்லை என்கிறார். இரண்டொரு வாக்கியத்தில் முடிந்துவிடும் இடம் இது. பலர் தாண்டிப் போயிருப்பீர்கள். மரியாதை என்ற சொல்லுக்கு அந்த நாவலில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை என்பேன்.

இதைப் படித்துவிட்டு, நான் பட்டவர்த்தனமாகப் பேசுகிறவன், என் மனதில் ஒன்றுமில்லை என்று மார்தட்டும் சகோதரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். ஸ்மோலட் பேசியது கப்பலுக்காக. தம் கோபத்தை ஆற்றிக்கொள்ள அல்ல. அவருக்குள்ளும் ஒரு குறை தெரிகிறது. சில்வர் வெள்ளைக் கொடியோடு மரவேலிக்குள் சமாதானம் பேச வரும் அதிகாரத்தில், ‘கேப்டன் சில்வர்’ என்ற பட்டத்தை ஸ்மோலட் ஏற்க மறுக்கிறார். அது சரியே, பொய்யான மரியாதையை உண்மையுள்ளவன் கொடுக்கமாட்டான். அவனைக் குளிர்ந்த மணலில் உட்கார வைக்கிறார். பேச்சு முறிந்து, எழுந்திருக்க யாராவது கைகொடுங்கள் என்று அந்த ஒற்றைக்காலன் கேட்கும்போது, கேப்டன் மறுக்கிறார். மற்றவர்களும் அசையவில்லை. அவன் மணலில் தவழ்ந்துபோய்த் தூணைப் பிடித்து எழுந்து, அவர்கள் குடிக்கும் நீரூற்றில் துப்பிவிட்டுப் போகிறான். கைகொடுத்திருந்தால் அவன் மனந்திரும்பியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. சில்வர் அப்படிப்பட்டவன் அல்லன். ஆனாலும் ஊனமுற்ற ஒருவன் மணலில் தவழ்வதைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த நல்லவர்களின் வரிசையில் நான் நிற்க விரும்பமாட்டேன்.

டாக்டர் லிவ்ஸி அப்படி நின்றிருக்கமாட்டார் என்று நம்புகிறேன். அந்த வேளையில் அவர் வேலியின் மற்றொரு பக்கம் காவலில் இருந்தார். எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான். முதல் அதிகாரத்தில், விடுதியையே மிரட்டி வைத்திருந்த கிழட்டு மாலுமி கத்தியை உருவும்போது, லிவ்ஸி குரலை உயர்த்துவதில்லை. இருந்த இடத்தை விட்டு நகருவதுமில்லை. கத்தியை உடனே பைக்குள் வைக்காவிட்டால் அடுத்த நீதிமன்றத்தில் தூக்குதான் என்று, அறையிலுள்ள அனைவருக்கும் கேட்கும்படி, அமைதியாகச் சொல்கிறார். ரம் குடித்துக்கொண்டே இருந்தால் ஓர் அயோக்கியன் சீக்கிரத்தில் உலகத்தை விட்டுத் தொலைவான் என்றும் சொல்லியிருக்கிறார். பிறகு அதே மனிதன் பக்கவாதம் வந்து விழும்போது அவன் சட்டைக் கையைக் கிழித்து வைத்தியம் பார்ப்பவரும் அவரே.

கதையின் முடிவை நெருங்கும்போது இன்னும் வியப்பான ஒன்று நடக்கிறது. கலகக்காரர்கள் சதுப்பு நிலத்துக் காய்ச்சலில் விழுகிறார்கள். லிவ்ஸி தனியாக அவர்களுடைய முகாமுக்குள் வருகிறார். சாதாரணமாக ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போன வைத்தியரைப்போல ஒருவன் நாக்கை நீட்டச் சொல்கிறார். இன்னொருவனிடம் மருந்து குடித்தாயா என்று விசாரிக்கிறார். அவர்களும் பள்ளிப் பிள்ளைகளைப்போல் அடக்கமாக நிற்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றுவது தூக்குமேடைக்கு ஒப்புக்கொடுப்பதற்காகத்தான் என்று கேலியாக அவர்களிடமே சொல்லியும் விடுகிறார். பொய் இல்லை, இச்சகம் இல்லை. ஆனால் கை நோயாளியின் நெற்றியில் இருக்கிறது. சத்துருவைச் சிநேகிப்பதைப் பற்றி இனி நான் பிரசங்கிக்க வேண்டுமானால், அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் பிரசங்க பீடத்தில் ஏறுவேன்.

பிரெஞ்சு எழுத்தாளர் டூமா 1844-இல் எழுதிய ‘மூன்று மஸ்கட்டியர்’ கதையில் மரியாதைக்கு வேறொரு விதமான உபயோகம் இருக்கிறது. வாலிபன் தார்த்தான்யன் பாரிஸ் நகருக்கு வந்த புதிதிலேயே மூன்று பேரோடு வாள்சண்டைக்கு நாள் குறித்துக்கொள்கிறான். பன்னிரண்டு மணிக்கு ஒருவர், ஒரு மணிக்கு ஒருவர், இரண்டு மணிக்கு ஒருவர். முதலில் வரும் ஆதோஸுக்குத் தோளில் காயம். இடக்கையால் சண்டையிடுகிறேன், அதை நீர் தவறாக எண்ணவேண்டாம் என்கிறார் அவர். என் தாயார் கொடுத்த தைலம் இருக்கிறது, மூன்று நாளில் ஆறிவிடும், அதன்பின் உம்மோடு சண்டையிடுவது எனக்கு மேன்மை என்கிறான் இவன். மற்ற இருவரும் வந்து சேர்ந்தபோது அவர்களிடம் மன்னிப்பும் கேட்கிறான். எதற்கு? முதலாமவர் கையால் தான் இறந்துபோனால் மற்ற இருவரின் கடனைத் தீர்க்க முடியாமற்போகுமே என்று! வாசிக்கையில் சிரிப்பு வருகிறது. ‘கிறிஸ்துவுக்குள் அன்பான’ என்று தொடங்கி ‘தங்கள் தாழ்மையுள்ள’ என்று முடியும் வக்கீல் நோட்டீசுகளைச் சபைத் தேர்தல் காலங்களில் வாங்கியிருக்கிற எனக்குச் சிரிப்போடு வேறொன்றும் வந்தது.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னைத் தொட்டது ஸ்டீவன்சனே 1886-இல் வெளியிட்ட ‘கிட்னாப்டு’. காய்ச்சலின் மூன்றாம் நாள் அதையும் எடுத்தேன். 1751-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து. டேவிட் பால்ஃபர் பதினேழு வயதுப் பையன்; தாழ்நிலத்துக்காரன்; அரசருக்கு விசுவாசமானவன். ஆலன் பிரெக் மலைநாட்டுக்காரன். தோற்றுப்போன கலகத்தைச் சேர்ந்தவன். ஒரு கப்பலில் தோளோடு தோள் நின்று உயிர் தப்பியவர்கள். அந்தச் சண்டை முடிந்ததும் ஆலன் தன் தகப்பன் விட்டுச் சென்ற வெள்ளிப் பொத்தான்களில் ஒன்றைத் தன் சட்டையிலிருந்து அறுத்து டேவிட்டுக்குக் கொடுக்கிறான். பிற்பாடு செய்யாத கொலைக்குப் பழி சுமந்து மலைகளில் இருவரும் ஒளிந்து திரிகையில், டேவிட் நோயாய்க் கிடந்த நேரத்தில் ஆலன் அவன் பணத்தைக் கடனாக வாங்கிச் சீட்டாட்டத்தில் தோற்றுவிடுகிறான்.

அதன்பின் டேவிட் திட்டவில்லை, சத்தமிடவில்லை. மிகவும் மரியாதையாக நடந்துகொள்கிறான்! உன் மூட்டையை நான் சுமக்கட்டுமா என்று ஆலன் கேட்டால், நன்றி, நான் நலமாகவே இருக்கிறேன் என்று பனிக்கட்டிபோலப் பதில் சொல்கிறான். நாட்கணக்காக மழை. ஆலன் வருத்தம் தெரிவிக்கிறான், கெஞ்சுகிறான், பிறகு சலித்துப்போய்க் கிண்டல் செய்யத் தொடங்குகிறான். கடைசியில் டேவிட் நின்று திரும்பி, இதுவரை ‘ஆலன்’ என்று அழைத்தவனை ‘திரு. ஸ்டூவர்ட்’ என்று அழைக்கிறான். நீர் என்னைவிட வயதில் மூத்தவர், நல்ல பழக்கம் உமக்குத் தெரிந்திருக்கவேண்டும், இனிமேல் என் அரசரைப் பற்றி மரியாதையாகப் பேசும் என்கிறான். ஆலனின் குலத்தையும் இழித்துச் சொல்லிவிட்டு வாளை உருவுகிறான். ஆலனும் உருவுகிறான், ஆனால் அவனால் முடியவில்லை. வாளைத் தரையில் வீசிவிடுகிறான்.

இந்த இடத்தில் ஸ்டீவன்சன் சொல்வதை என் வார்த்தைகளில் சொல்கிறேன். டேவிட்டின் கோபம் போய்விடுகிறது. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது என்றும், எந்த மன்னிப்பும் அதை அழிக்காது என்றும் அவனுக்குத் தெரிகிறது. மன்னிப்புக் கேட்டால் ஆலன் வரமாட்டான். உதவி கேட்டால் வருவான். தன் கௌரவத்தை விட்டுவிட்டு, ஆலன், நீ உதவாவிட்டால் நான் இங்கேயே சாகவேண்டியதுதான் என்று அழுகிறான். அது நடிப்பல்ல, உண்மையாகவே அவனால் நடக்க முடியவில்லை. ஆலன் ஓடிவந்து தாங்கிக்கொள்கிறான். இவன் சின்னப்பிள்ளை என்பதையும், நின்றபடியே சாகிறான் என்பதையும் நான் மறந்துபோனேனே என்று தன்னையே நொந்துகொள்கிறான்.

‘அண்ணாச்சி’ என்று நான் அழைத்துவந்த மனிதருக்கு, கூடத்தின் வேலை நின்றபின், நான் எழுதிய கடிதங்களெல்லாம் ‘மதிப்பிற்குரிய மூப்பர் அவர்களுக்கு’ என்றே தொடங்கின. அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் பொருளாளர் பொறுப்பை விட்டு விலகினார். அவருடைய நீண்டகால ஊழியத்தைப் பாராட்டி, ஒரு பிழையுமில்லாத கடிதம் எழுதி அனுப்பினேன். இரண்டு வருஷம் ஞாயிறுதோறும் ஆலய வாசலில் ‘ஸ்தோத்திரம்’ சொல்லிக் கைகுலுக்கினோம். எங்களுக்குள் மனஸ்தாபம் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அவ்வளவு மரியாதை.

ஒருநாள் இரவு ஒன்றரை மணிக்கு என் மனைவிக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றார்கள். கார் ஓட்டும் தம்பியின் கைபேசி அணைந்திருந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த வீட்டு எண்ணைக் கை தானாக அழுத்தியது. “அண்ணாச்சி, வீட்டுல மூச்சு விட முடியாமக் கிடக்கா. நீங்க வரணும்” என்றேன். “வாசக்கதவைத் திறந்து வையுங்க ஐயா” என்று சொல்லி வைத்துவிட்டார். கட்டின சாரத்தோடு வந்தார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. விடியும்வரை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆபத்து நீங்கியது என்று டாக்டர் சொன்னபின் எழுந்துபோய்க் காப்பி வாங்கிவந்தார். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை ஞாபகம் வைத்துச் சீனி போடாமல் வாங்கியிருந்தார். நான் கூடத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். “அதை அப்புறம் பாப்போம், காப்பி ஆறுது” என்றார்.

மறுமாதக் கமிட்டிக் கூட்டத்தில், ட்ரெலானியைப்போல் என்னைக் கழுதை என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணாச்சி சொன்னது சரி, நான் செய்தது தவறு, அவரைக் கடிந்துகொண்டதும் தவறு என்று சொல்லி, அதைக் குறிப்பேட்டில் எழுதும்படி செயலரிடம் கேட்டுக்கொண்டேன். அறையில் சற்றுநேரம் மௌனம். அண்ணாச்சி எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “அதெல்லாம் இருக்கட்டும் ஐயா. கூரைக்கு மிச்சப் பணம் எங்கேருந்து வரும்னு முதல்ல சொல்லுங்க” என்றார்.